பாலத்தீனக் கவிதையும் நம் பரிவும்

இஸ்ரேல் நீங்கலாக எல்லா நாடுகளுக்கும் செல்லத்தக்கது என்று மலேசியக் கடவுச்சீட்டு கூறுகின்றது. இந்நாட்டில் வாழும் நாம் பாலத்தீனத்தின்பால் பரிவு கொள்ளத் துணிவு ஒன்றும் வேண்டுவதில்லை; வேண்டுவது கவிதை. பாகான் டாலாம் போன்ற ஊர்களில் மாணவர் கவிதைகளைத் திருத்த அமரும் ஆசிரியர் இதனை நன்கு உணர்வர். குருதி, கல், கண்ணீர் என்னும் மூன்று சொற்களிலேயே பாட்டு முடிந்துவிடுகின்றது. குற்றம் மாணவருடையதன்று, நாம் காட்டிய முன்மாதிரிகள் அத்தகையன.

எம். ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட பாலத்தீனக் கவிதைகளின் தமிழாக்கத்தை இவ்விடத்து நோக்குதல் தகும். மஹ்மூத் தர்வீஷின் 'அடையாள அட்டை' 1964இல் வெளிவந்த பாட்டு. அதிற் பேசுவோன் அழுது புலம்பவில்லை. அதிகாரியின் முன் நின்று அட்டை எண், பிள்ளைகளின் தொகை, கல்லுடைக்கும் தொழில் எனத் தன் விவரங்களைச் சொல்லிக்கொண்டே போகின்றான். பதிவேட்டின் வறண்ட மொழியே சினமாக மாறுகின்றது. 1948இல் அழிக்கப்பட்ட அல்-பிர்வா என்னும் தன் சிற்றூரை இழந்த கவிஞர்க்கு உவமையணி தேவைப்படவில்லை. நுஃமானும் பண்டித நடையை நாடாது, பேச்சோசை தழுவிய எளிய அடிகளை மேற்கொண்டார். அதுவே அவர் செய்த பேருதவி என்பது என் கருத்து.

ஆயின் பரிவுக்குச் சோதனை தொலைவில் இல்லை. அதே 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையால் நுஃமான் அதற்கு எதிர்வினை செய்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர் என்பர். தமிழ் பேசுவோரைத் தமிழ் பேசுவோரே துரத்திய அந்நிகழ்ச்சிக்குப் பின், ஊரிழந்தோர் பாடல்களாகிய அத்தொகுப்பைத் தமிழர் முன்போல் படித்தல் இயலாது. ஜாஃபாவுக்காக உருகும் மேடைப் பாவலர் மன்னாருக்காக எத்தனை அடி எழுதினர் என்று மாணவன் வினவினால், ஆசிரியர் விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

தொகுப்பில் ஒரு குறையும் உண்டு. அஃது ஆங்கில வழியே வந்தது. அரபு ஓசை இருமுறை வடிகட்டப்பட்டுவிட்டது. அரபுத்தமிழ் என்றொரு எழுத்து மரபையே கண்ட மொழி நமது. பினாங்கிலோ அரபும் தமிழும் ஒருங்கே கற்ற குடும்பங்கள் பல. அவருள் ஒருவர் மூலத்தினின்று நேரே பெயர்த்துத் தருவாராயின், நுஃமானின் அடிகளை அவற்றோடு ஒப்பவைத்து வகுப்பிற் பயிலலாம்.