தாழ்மை யாருக்கு?

‘ஊழியம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பணி, தொண்டு என்ற பொதுப்பொருள் அதற்கு உண்டு. ஆனால் பழைய திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கும் அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், வேதத்துக்கு வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அதாவது அந்த மக்களுக்குக் கிறிஸ்தவம் என்பது, வாரத்தில் ஒரு நாளாவது ஊழியம் செய்யாமல் இருப்பது.

இன்று அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சுவரொட்டிகளில் தென்படும் ‘ஊழியம்’ வேறு. ஊழியர் மேடையில் இருக்கிறார். சபை கீழே உட்கார்ந்திருக்கிறது. கூலியற்றவனின் வேலையைக் குறித்த சொல் அதிகாரத்தின் பெயராகியிருக்கிறது. தாழ்மை பற்றிய நமது சொல்லாடல் முழுவதையும் இந்த இடப்பெயர்ச்சியின் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

புராட்டஸ்டண்டுகள் ‘தாழ்மை’ என்பதைக் கத்தோலிக்கர் ‘தாழ்ச்சி’ என்பார்கள். இருவருக்கும் ஆதாரப் பிரதி, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம். கடவுள் நிலையில் இருந்தவர் அதை விட்டுவிட்டு அடிமையானார் என்பது அதன் சாரம். அங்கே வரும் கிரேக்கச் சொல் ‘தூலோஸ்’. அடிமை என்றே பொருள். நாம் கவனிக்க வேண்டியது இந்த நகர்வின் திசையை. இறங்குவதற்கு முதலில் மேலே ஓர் இடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே தரையில் தள்ளப்பட்டவனிடம் போய் ‘தாழ்மையாயிரு’ என்றால் அவன் எங்கேய்யா இறங்குவான்? மேலே இருப்பவனுக்குச் சொன்ன வார்த்தையைக் கீழே இருப்பவனுக்கான கட்டளையாக மாற்றியதுதான் திருச்சபை செய்த வேலை.

தலித் இறையியலும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டதுண்டு. 1980களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலிருந்து அரவிந்த் நிர்மல், பணியாளனாக வரும் கடவுளை வண்ணாராகவும் தோட்டியாகவும் காணச் சொன்னார். பிராமணிய இறையியலின் முகத்தில் அறைந்த துணிச்சல் அது. ஆனால் பின்வந்த தலித் இறையியலாளர்களே இந்தப் பணியாள் உருவகத்தைக் கேள்வி கேட்டார்கள். ‘கடவுளே செய்கிற வேலைதானே, நீயும் செய்’ என்று ஊர்க்காரன் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பாமாவின் ‘கருக்கு’ (1992) இதை இறையியல் மொழியின்றியே சொல்லிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டுமென்று மடத்துக்குள் போன பெண், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியையும், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் சௌகரியத்தையும் அங்கே பார்க்கிறாள். கீழ்ப்படிதல் என்ற பெயரில் அவளிடம் கேட்கப்படுவது மௌனம். அந்தப் பெண்ணின் விசுவாசச் செயல் அடங்கிப் போவதில் இல்லை, வெளியேறுவதில் இருக்கிறது.

அப்படியானால் தாழ்மையையே தூக்கி எறிந்துவிடலாமா? அவசியமில்லை. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் சடங்கை எடுத்துக்கொள்வோம். முன்பு விதிப்படி அவை ஆண்களின் கால்களாகவே இருந்தன. மறைந்த போப் பிரான்சிஸ் 2013இல் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பெண்களின் கால்களையும், முஸ்லிம்களின் கால்களையும் கழுவினார். 2016இல் பெண்களையும் சேர்த்து விதியே மாற்றப்பட்டது. சைகை சட்டமானதால்தான் அதற்கு மதிப்பு.

நம் கதை என்ன? பூந்தமல்லி திரு இருதய குருமடம் 1936இலிருந்து குருக்களை உருவாக்கி வருகிறது. அங்கே பயின்றவரானாலும் வேறெங்கே பயின்றவரானாலும், ஆண்டுதோறும் கால் கழுவாத குரு இல்லை. ஆனால் கழுவப்பட்ட அந்தக் கால், செத்த பிறகு எந்தத் தெரு வழியாகக் கல்லறைக்குப் போகிறது? விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் கேட்டது இதைத்தான். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். வியாழக்கிழமைத் தாழ்ச்சி அந்தத் தெருவைத் திறக்கவில்லை.

புறநகரின் சிறு ஜெபவீடுகளை இதே தட்டில் வைக்கக் கூடாது. பகலில் பட்டறை வேலை, ராத்திரி ஜெபம். ஷீட் போட்ட மாடிக்கு வாடகை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். இவர் உண்மையிலேயே பலவீனர். ‘எனக்கும் முடியலைம்மா’ என்று சபையிடம் சொல்ல இவரால் முடிந்தால் அங்கே ஒரு சமத்துவம் பிறக்கும். ஆனால் பெரிய மேடைகளின் இலக்கணம் கோட்டையும் பட்டத்தையும் கேட்கிறது. ஒடுக்கப்பட்ட ஒருவர் கோட்டு போடுவதைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை, அது சுயமரியாதையும்தான். சபையின் கேள்விக்கு அப்பாற்பட்டவராக அந்தக் கோட்டு அவரை ஆக்குகிறதா என்பதே பிரச்சினை.

பலவீனத்தை ஏற்பதென்றால் பிரசங்கத்தில் கண் கலங்குவதல்ல. காணிக்கைக் கணக்கைச் சபை முன் வைப்பது. யார் குருவாகலாம், யார் ஆயராகலாம் என்பதில் சாதியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது. பொதுத் தெருவையும் பொதுக் கல்லறையையும் திறந்துவிட்டு, அதற்காகத் தன் சாதியார் தரும் அடியை வாங்கிக்கொள்வது. இழக்க ஏதாவது வைத்திருப்பவர்களுக்கான வேதம் அது. மற்றவர்களுக்கு நிமிர்ந்து நிற்பதே விசுவாசம்.