ஆறு பக்கமும் பார்க்கலாம்

மெசபடோமியாவின் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளை இணையத்தில் திரட்டித் தரும் சி.டி.எல்.ஐ. மின்னூலகத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. அந்த எண்ணிக்கையை விட ரசிக்கத்தக்கது, ஒரு பலகையைப் படமெடுத்து அடுக்கும் பக்குவம். முன்புறம், பின்புறம், நான்கு விளிம்புகள் என ஆறு பக்கங்களையும் சிலுவை வடிவில் விரித்து வைக்கிறார்கள். ஒளி சாய்வாக விழுவதால், நாணல் குச்சி ஈரமண்ணில் பதித்த ஒவ்வொரு ஆப்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கிறது. இடம் போதாமல் எழுத்தர் வலது விளிம்பில் நீட்டி எழுதிய வரியின் வால்கூடத் தப்புவதில்லை.

திரையில் பார்ப்பது கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான்; மண்ணின் கனமும் சொரசொரப்பும் திரைக்கு வராது. ஆனால் உடைந்து வெவ்வேறு நாட்டு அருங்காட்சியகங்களில் ஒதுங்கிய துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் திரைதான் கைகொடுக்கிறது. எழுத்து தெரியாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பார்கள். பார்லிக் கூலிக் கணக்கு ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு கிழித்த நேர்த்தி, வரி முடிவில் நெருக்கியடித்த அவசரம் எல்லாம் தெரியும். அதை ரசிக்க சுமேரியம் தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.