பென் டிரைவ் ஊர் சுற்றும் வீட்டுக்கு எந்த ஆன்டிவைரஸ்?

மதுரையில் எந்தக் கடையில் லேப்டாப் வாங்கினாலும், பில் போடும் நேரத்தில் "ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுறவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பயம். சரி என்று சொல்லிவிட்டால், எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பது அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லும்போதும் விளங்குவதில்லை. அதனால் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரையும், இந்தியத் தயாரிப்புகளான கே7, குவிக் ஹீல் இரண்டையும் இரு வேறு கணினிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று எஸ்எஸ்டி உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். மற்றது 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்ட பழைய விண்டோஸ் 10 கணினி. நம் வீடுகளில் இந்த இரண்டாவது ரகம்தான் இன்னும் அதிகம் கண்ணில் படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும் நெட் இருக்கும் வீட்டில், முறையான விண்டோஸ் இருந்தால், டிஃபெண்டரே போதும். காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டியது, பென் டிரைவ் பல கைகள் மாறி வரும் வீட்டுக்காரர்கள்தான்.

இந்த ஊரில் பென் டிரைவ் சும்மா கிடப்பதில்லை. கல்லூரி புராஜெக்ட்டை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க நெட் சென்டருக்குப் போகும். கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க அச்சகத்துக்குப் போகும். ஒரு நாளில் எத்தனையோ பென் டிரைவ்களைச் செருகி எடுக்கும் கடைக் கணினியில் ஒன்றில் தொற்று இருந்தால் அன்றைக்கு வருகிற எல்லாருக்கும் அது பரவும். நம் பக்கம் ரொம்ப நாளாக உலவும் ரகம் 'ஷார்ட்கட் வைரஸ்'. அது உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிடும். நம் ஃபோல்டர்தானே என்று திறந்தால் முதலில் ஓடுவது வைரஸ், பிறகுதான் ஃபோல்டர் திறக்கும். எல்லாம் வழக்கம்போல் இருப்பதால் சந்தேகமே வராது.

டிஃபெண்டரின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. புதிதாக வரும் தீய நிரல்களை அடையாளம் காண அது மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடை பெரிதும் நம்பியிருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலிருந்து இயங்கும் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் நடத்தும் சோதனைகளில் இது தெளிவாகத் தெரியும். நெட் இணைப்போடு சோதிக்கும்போது டிஃபெண்டர் முன்னணி மென்பொருள்களுக்கு இணையாக நிற்கிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு அதே கோப்புகளைக் கொடுத்தால் கண்டுபிடிக்கும் அளவு இறங்குகிறது. அண்ணா நகரில் பிராட்பேண்ட் போட்டிருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், போன் ஹாட்ஸ்பாட்டை வேலைக்கு மட்டும் ஆன் செய்து அணைத்துவிடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். அவர்கள் பென் டிரைவைச் செருகும் நேரத்தில் பெரும்பாலும் நெட் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பென் டிரைவைச் செருகியதும் டிஃபெண்டர் அதைத் தானாக முழுக்க ஸ்கேன் செய்வதில்லை. ஒரு கோப்பைத் திறக்கும்போதுதான் அந்தக் கோப்பைப் பார்க்கிறது. 'ஃபுல் ஸ்கேன்' கொடுத்தால்கூட, அமைப்பை மாற்றாதவரை, பென் டிரைவை விட்டுவிடும். பென் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து நாமே ஸ்கேன் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இதைப் பழகிக்கொள்வார், மற்ற மூவர் மறந்துவிடுவார்கள். கே7, குவிக் ஹீல் இரண்டிலும் செருகியவுடன் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. என் பார்வையில், காசு கொடுத்து வாங்குவதற்கு இருக்கும் மிக நியாயமான காரணம் இதுதான். 'யுஎஸ்பி வேக்சின்' என்று விளம்பரப்படுத்தும் வசதிக்கு அவ்வளவு மதிப்புத் தர மாட்டேன். அது ஆட்டோரன் வழியாகத் தானே ஓடும் பழைய ரக வைரஸுக்கான தடுப்பு. விண்டோஸ் 7 முதலே பென் டிரைவில் ஆட்டோரன் இயங்காது. ஷார்ட்கட் வைரஸை அந்தத் தடுப்பூசி தடுக்காது.

கே7 சென்னை நிறுவனம். 1991-இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கியது. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனம் வேறு பெயரில் விற்ற ஆன்டிவைரஸின் உள்ளே ஓடியதும் இவர்களுடைய எஞ்சின்தான். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை அறியாதவர்கள் நிறையப் பேர். பழைய கணினியில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது கே7. போட்டபின்பும் வேர்டு, குரோம் திறக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உணரவில்லை. குவிக் ஹீல் புனேக்காரர்களுடையது. கால்குலேட்டர் பழுது பார்த்து வாழ்க்கையைத் தொடங்கிய கைலாஷ் கட்கரும் அவருடைய தம்பி சஞ்சயும் சேர்ந்து கட்டிய நிறுவனம். இதன் பலம் கடைவரை நீளும் விற்பனை வலை. கீ வேலை செய்யவில்லை என்றால் நேரில் போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பார். கணினி பழக்கமில்லாத பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

எதைப் போட்டாலும் ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். சந்தா முடிந்த மென்பொருள் அப்டேட் இல்லாமல் அப்படியே கிடக்கும் கணினிகள்தான் கவலைக்குரியவை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து இப்போது காவலில் இருப்பது எது என்று பாருங்கள். காலாவதியானது என்றால் உடனே நீக்குங்கள், டிஃபெண்டர் திரும்பி வந்துவிடும். காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்க 'ஐகார்' சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கே செய்யாத ஒரு வரி. அதை நோட்பேடில் சேமித்தவுடன் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் காவல் தூங்குகிறது. எச்சரிக்கை வந்தால் காவல் விழித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அது எவ்வளவு திறமையானது என்பதை ஐகாரால் சொல்ல முடியாது.

இலவச ஆன்டிவைரஸ் தேடுபவர்களுக்கு: டிஃபெண்டரே இலவசமாக இருக்கும்போது இன்னொரு இலவசம் தேவையில்லை. பயனர்களின் பிரவுசிங் விவரங்களைச் சேகரித்து விற்றதற்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. கணினியின் ஒவ்வொரு கோப்பையும் பார்க்கும் உரிமையை நாம் ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

இனி நான் வருத்தத்தோடு பார்க்கும் ஒரு பழக்கம். கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடையில் கொடுத்தால் சில இடங்களில் ஃபார்மட் அடித்து, கிராக் செய்த விண்டோஸைப் போட்டு, அந்தக் கிராக் ஓடுவதற்காகவே டிஃபெண்டரை அணைத்துவிட்டுத் தருகிறார்கள். அதன்மேல் ஆயிரம் ரூபாய் ஆன்டிவைரஸ் போட்டும் பயனில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போடும் வேலை அது. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினியிலேயே பதிந்திருக்கும். அதையே திரும்பப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டும் இதே அளவு முக்கியம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகைச் சுற்றியபோது திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் சிக்கின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் விழும் ஓட்டையை அது அடைக்காது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்புகள் பல வீடுகளில் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகின்றன. குரோமே 2023-இன் தொடக்கத்தில் அதைக் கைவிட்டுவிட்டது. அவற்றுக்கு ஆன்டிவைரஸ் வாங்காதீர்கள், லினக்ஸ் போடுங்கள். பிள்ளைகள் படிக்க, தட்டச்சு செய்ய, அது தாங்கும்.

எந்த ஆன்டிவைரஸும் தடுக்காத ஆபத்து ஒன்றும் உண்டு. சைரன் ஒலியோடு திரை முழுக்க ஒரு எச்சரிக்கை, கூடவே ஒரு போன் நம்பர். கூப்பிட்டால், தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க வைக்கும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்வார்கள். அது முறையான மென்பொருள் என்பதால் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்காது. வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பதுதான் அவர்கள் குறி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கியில் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

வாங்குவதென்று முடிவு செய்தால், பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியை நம்பாதீர்கள். ஆன்லைனிலும் பேரம் பேசினால் கடையிலும் அதைவிட வெகுவாகக் குறைத்தே கிடைக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் பல முதல் வருடம் மலிவாகக் கொடுத்து, அடுத்த வருடம் முழு விலையைக் கார்டிலிருந்து தானாக எடுக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். ஒரு கணினிதான் இருக்கிறது என்றால் 'டோட்டல்', 'பிரீமியம்' என்ற பெரிய தொகுப்புகள் வேண்டாம். நான் போட்டுப் பார்த்தவற்றில் ஒரு பெரிய தொகுப்பு பழைய கணினியை மூச்சுத் திணற வைத்தது.

கையில் ஓரளவு பணம் இருந்தால் அதை முதலில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் போடுவேன். குடும்பப் படங்கள், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் மாதம் ஒருமுறை அதில் ஏற வேண்டும். ஏற்றி முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.