விண்வேதியியலும் நம் பிரசங்க பீடமும்

பிரெட் ஹாயில், சந்திரா விக்கிரமசிங்க என்னும் வானியலாளர் இருவர் 1981இல் வெளியிட்ட ‘விண்வெளியிலிருந்து பரிணாமம்’ என்ற ஆங்கில நூலை முழுமையாகப் படித்தவர் நம்மிடையே மிகச் சிலரே. எனினும் அந்நூலின் ஓர் எண், நற்செய்திக் கூட்டங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் நாற்பதாண்டுகளுக்கு மேலாக உலவி வருகிறது. உயிர் தற்செயலாகத் தோன்றுவதற்குள்ள வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 40,000 பூஜ்யங்கள் இட்டு வரும் எண்ணில் ஒரு பங்கே என்பது அக்கணக்கு. பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி வீசிப் போயிங் 747 விமானம் உருவாகிவிடுமா என்ற ஹாயிலின் உவமையும் உடன் வருகிறது. 1950இல் வானொலிச் சொற்பொழிவில் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடுமையாகச் சாடியவர் ஹாயில். அவரே இப்படிச் சொல்லிவிட்டார் என்பதில் பிரசங்கியாருக்குப் பெருமகிழ்ச்சி.

ஒரு நூலிலிருந்து ஓர் எண்ணை மட்டும் பிடுங்கி மேடையேற்றுவது, ஒரு வசனத்தை அதன் சந்தர்ப்பத்தினின்று பிரித்துப் பிரசங்கிப்பதற்கு ஒப்பானது. இறையியல் மாணவர்க்கு முதலாண்டிலேயே விலக்கப்படும் பழக்கம் அது. இவ்வாசிரியர்களின் வாதம் இரண்டு இழைகளால் ஆனது. உயிருக்கு வேண்டிய கரிமப் பொருள்கள் விண்வெளியில் உருவாகின்றன என்பது ஓரிழை. உயிரே அங்கிருந்து வந்தது, அதன் பின்னால் ஒரு பேரறிவு உள்ளது என்பது மற்றோரிழை. முதலாவது நிலைத்தது, இரண்டாவது நிலைக்கவில்லை. நம் பீடங்கள் பற்றிக்கொண்டது இரண்டாவதையே.

முதலிழையின் பெருமையை அவர்களுக்கு மறுப்பதற்கில்லை. விண்மீன்களுக்கு இடையேயுள்ள தூசி பனித்துகளே என்று பலர் கருதிய காலத்தில், அது கரியாக இருக்கலாம் என்று 1962இலேயே இவ்விருவரும் எழுதினர். கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஹாயிலிடம் பயின்ற விக்கிரமசிங்க, ஃபார்மால்டிஹைடின் நீண்ட தொடர்கள் அத்தூசியில் இருக்கலாம் என்று 1974இல் மேலும் ஓர் அடி சென்றார். இன்று நாம் அறிவது இது: பூஜ்யத்திற்குக் கீழ் 260 பாகைக்கும் மேலாகக் குளிர்ந்த முகில்களில், ஒவ்வொரு தூசித் துகளும் ஒரு சிறு சோதனைச்சாலை. அதன்மேல் உறையும் கார்பன் மோனாக்சைடுடன் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர, ஃபார்மால்டிஹைடும் பின்னர் மெதனாலும் உண்டாகின்றன. புறஊதாக் கதிர்கள் அப்பனிப் படலத்தைத் தாக்க, இன்னும் சிக்கலான பொருள்கள் பிறக்கின்றன. இத்தூசி திரண்டு வால்மீன்களும் சிறுகோள்களும் ஆயின. அவற்றின் சிதறல்கள் இளம் பூமியின்மேல் பொழிந்தன.

இதற்குச் சான்று கையிலேயே உள்ளது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970இல் அறிவித்த குழுவில், இலங்கையின் காலி நகரில் பிறந்த சிரில் பொன்னம்பெருமா இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்றுப் பின்னர் வேதியியலுக்குச் சென்றவர் அவர். அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை, ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல் போன்ற இடவடிவம், வலவடிவம் என இருவகைப்படும். பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடவடிவத்தையே கையாளுகின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே அவை பூமியில் வந்து ஒட்டிய மாசு அல்ல என்று துணிந்தனர். ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் 121.6 கிராம் மண்ணைக் கொண்டு சேர்த்தது. பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14உம், மரபுச் செய்தியின் எழுத்துகளாகிய ஐந்து காரங்களும் அதில் உள்ளன என்று 2025 ஜனவரியில் ஆய்வுகள் வெளிவந்தன.

இனி இரண்டாம் இழை. பால்வெளியின் மையத்திலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில், 3.4 மைக்ரான் அளவில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டிருப்பதைச் சான்று காட்டி, அது உலர்ந்த பாக்டீரியாவின் பதிவோடு பொருந்துகிறது, எனவே விண்தூசி பாக்டீரியாவே என்று ஆசிரியர்கள் வாதிட்டனர். அப்பதிவு காட்டுவதெல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்திருப்பதையே. உயிரற்ற எண்ணெய்ப் பசையிலும் அப்பிணைப்பு உண்டு.

புகழ்பெற்ற எண்ணோ இதனினும் வலுவற்றது. உயிருக்கு 2,000 நொதிகள் வேண்டும். ஒவ்வொன்றும் தற்செயலாக அமையும் வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 20 பூஜ்யங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கு. இருபதை 2,000ஆல் பெருக்க 40,000. பெருக்கலில் பிழையில்லை. இன்றைய நொதிகள் அனைத்தும் ஒரே வேளையில், குலுக்கிப் போட்டாற்போல் அமைந்தாக வேண்டும் என்ற முற்கோளில்தான் பிழை. உயிரின் தோற்றத்தை ஆராயும் வேதியியலார் தேடுவது மிக எளிய ஒரு தொடக்கத்தையே. மேலும் அணுக்கள் தம் இயல்புக்கேற்பவே பிணைகின்றன. அதைக் குலுக்கல் என்று கூறலாகாது. முதலிழையில் இவ்வுண்மையை உணர்ந்து எழுதியவர்களே இரண்டாமிழையில் அதனை மறந்தது வியப்பு.

அவர்கள் கூறும் பேரறிவும் பிரபஞ்சத்தினுள் இயங்கும் ஓர் அறிவே; திருமறையின் படைப்பாளர் அல்லர். பள்ளிகளில் ‘படைப்பு அறிவியல்’ கற்பிக்கும் சட்டம் 1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் வழக்குமன்றம் ஏறியபோது, சட்டத்தை ஆதரித்தோர் விக்கிரமசிங்கவைச் சாட்சியாக அழைத்தனர். பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்று பகுத்தறிவுள்ள அறிவியலாளர் எவரும் நம்பார் என்று அவர் சொல்லிவிட்டார். அவரை அத்தரப்பார் ஏன் அழைத்தனர் என்பது விளங்கவில்லை என நீதிபதியே தீர்ப்பில் குறித்தார்.

உயிரற்றதிலிருந்து உயிர் வரக்கூடுமாயின் விசுவாசம் ஆட்டங்காணும் என்ற அச்சமே இவ்வெண்ணை நம்மிடையே வாழவைக்கிறது. நம் முன்னோர்க்கு இவ்வச்சம் இருந்ததில்லை. அழுகிய பொருளிலிருந்து சிற்றுயிர்கள் தோன்றும் என்பதை அகுஸ்தீனும் தாமஸ் அக்குவினாசும் தம் காலத்து அறிவாக ஏற்றனர். அதனால் அவர்தம் படைப்புக் கொள்கை அசையவில்லை. கடவுள் தொடக்கத்திலேயே பொருளினுள் வித்துகளைப் போன்ற ஆற்றல்களை வைத்தார் என்பது அகுஸ்தீனின் ஆதியாகம விளக்கம். அந்த முதல் அதிகாரத்தில் உயிர்களைப் பிறப்பிக்குமாறு ஏவப்படுவன நிலமும் நீருமே அல்லவா! அறிவின் குறைகளை அடைக்கும் பொருளாகக் கடவுளை ஆக்காதீர் என்று போன்ஹோஃபர் சிறையிலிருந்து 1944 மே 29 அன்று எழுதிய கடிதத்தை வகுப்பில் கற்பித்துவிட்டு, பீடத்தில் 40,000 பூஜ்யங்களை எண்ணிக் காட்டுவது பொருந்தாது.

இவ்வளவும் கூறியதால் உயிரின் தோற்றம் விளங்கிவிட்டதென்று எவரும் கொள்ளற்க. செங்கல் வேறு, வீடு வேறு. மர்ச்சிசன் கல்லின் சில அமிலங்களில் பிற்காலத்தில் காணப்பட்ட சிறிதளவு இடமிகுதி, உயிரின் இடச்சாய்வும் விண்ணிலிருந்தே வந்ததோ என்ற எண்ணத்தைத் தந்திருந்தது. பென்னுவின் மண்ணில் இருவடிவங்களும் சமமாகவே காணப்பட்டு அவ்வெண்ணத்தைத் தளர்த்தியுள்ளன. உயிர் ஏன் இடவடிவத்தைப் பற்றிக்கொண்டது என்பது திறந்த கேள்வியாகவே நிற்கிறது. இந்த இடைவெளியையும் நம் பிரசுரக்காரர் விரைவில் கண்டுகொள்வர்.