கணவன் மேசையில் கிடக்கும் மனைவி

ஆங்க்ர் 1805-06இல் வரைந்த ரிவியேர் தம்பதியின் எண்ணெய் வண்ணப் படங்கள் இரண்டையும் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். மூலங்கள் பாரிஸில், லூவ்ரில் இருக்கின்றன. கணவர் பிலிபேர் ரிவியேர் நெப்போலியன் அரசாங்கத்து அதிகாரி. செவ்வகப் படம். பக்கத்தில் மேசை. மேசைமேல் ரூசோவின் புத்தகங்கள், மொசார்ட்டின் இசைத்தாள், ரஃபேல் வரைந்த 'நாற்காலியில் மாதா'வின் அச்சுப்படம். மனைவி ஸபீனுக்கு நீள்வட்டம். நீல மெத்தை, வெள்ளை உடை, உடம்பைச் சுற்றி ஒரு காஷ்மீர்ச் சால்வை. புத்தகம் கிடையாது.

'ஆணுக்கு மூளை, பெண்ணுக்குத் துணி' என்று உடனே சொல்லிவிடுவோம். நானும் ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினேன். தப்பில்லை. ஆனால் அதோடு எழுந்து போய்விடுவது சோம்பேறித்தனம். மேசையை இன்னும் கொஞ்சம் பாருங்கள். சமத்துவம் பேசிய அதே ரூசோதான், பெண்ணின் கல்வி ஆணுக்கு உகந்தவளாக இருப்பதற்கே என்று 'எமில்' நூலில் எழுதியவர். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1804இன் சிவில் சட்டம் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் கிடக்கும் ரஃபேலின் மாதாவோ தோளில் சால்வை போர்த்தி வட்டத்துக்குள் அடங்கியவள். ஆக, மனைவியின் படம் கணவனின் மேசையில் முன்கூட்டியே எழுதப்பட்டுக் கிடக்கிறது. இணைப்படங்கள் என்கிறார்கள். எனக்கென்னவோ ஒன்று உத்தரவாகவும் மற்றது அதன் நிறைவேற்றமாகவும்தான் தெரிகிறது.

நிறைவேற்றும்போதுதான் கோளாறு. கணவனை ஒழுங்காக முடித்துக்கொடுத்த ஓவியர் சால்வையில் கிறங்கிப்போகிறார். அதன் வளைவோடு ஓடவிட்டு, அவள் கையை எலும்பு அனுமதிக்காத நீளத்துக்கு இழுத்துவிட்டார். 1806 சலோனில் அவர் வைத்த படங்களை விமர்சகர்கள் 'கோதிக்' என்று ஏசினார்கள்; ஏசட்டும்.

அந்தச் சால்வைக்கும் பிரதி உண்டு. காஷ்மீரில் 'தாலிம்' என்பார்கள். எந்த நிறம், எத்தனை இழை என்று குறிகளால் எழுதிய தாள். ஒருவர் வாசிக்க, தறியில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டு ஊடுநூலைக் கோப்பார்கள். வேலைப்பாடு மிகுந்த ஒரு சால்வைக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அன்றைய ஆப்கானிய ஆட்சி அதன்மேல் கடும் வரி போட்டிருந்தது. ரூசோவை அந்த வீட்டில் யாராவது புரட்டியிருக்கலாம். தாலிமைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே இருந்திருக்க முடியாது. ஆங்க்ருக்கும் தெரியாது, ஆனால் பார்த்துப் பார்த்து நகலெடுத்திருக்கிறார். பெண் பக்கம் நின்று பேசுவதாக நினைத்த நான்தான் 'அலங்காரம்' என்ற ஒரே சொல்லில் நெசவாளியைத் தாண்டிப்போனவன்.

மருமகளின் உயிலின்படி 1870இல் படங்கள் லூவ்ருக்கு வந்தன. அதே வருடம் மூண்ட பிரஷ்யப் போரோடு பிரான்சில் சால்வைச் சந்தை சரிந்தது. காஷ்மீரில் தறிகள் வரிசையாக நின்றுபோயின.