சுராங்கனிக்கு எந்த மீன்?

தீவுப்பகுதிக் கலியாண வீடுகளில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டமும் ஒரு சுற்று வந்து, பெரியவர்கள் கதிரையில் சாய்கிற நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் ‘சுராங்கனி’யைப் போட்டுவிடுவார். இளசுகள் எழும்பி ஆடும். கதிரைப் பக்கம் வழக்கு தொடங்கும்.

“இது பொப் பாட்டு, அண்ணை. எழுபதுகளில கிட்டாரோட மேடையில பாடினது.”

“பொப்பும் இல்லை கிப்பும் இல்லைத் தம்பி, அசல் பைலா. ஆடுற பிள்ளையளின்ர காலைப் பார்.”

“ரெண்டு பேரும் பேசாம இருங்கோ. கரைவலை இழுக்கேக்க எங்கட ஆக்கள் பாடின அம்பா தான் உது. கிட்டாரைப் போட்டு வித்திருக்கிறாங்கள்.”

நான் இரண்டாமவர் கட்சி. ஆனால் மற்ற இருவரும் காது கேளாமல் பேசவில்லை. மூவரும் ஒரே பாட்டின் வேறு வேறு அடுக்கைக் கேட்டிருக்கிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற ரொக் பாடல்களுக்கும் இந்த வழக்கு உண்டு. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ 1977இல் தனி இசைத்தட்டாக வந்தது. அது ரொக் என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மெட்டு உருவாகிக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவினரே அதை ‘மெக்சிக்கன் ரெகே’ என்றுதான் அழைத்தார்கள். சரணங்களில் கிட்டார் எங்கே வெட்டுகிறது என்று கவனித்தால் அந்தச் செல்லப் பெயரின் நியாயம் விளங்கும். அடியில் விழாமல் அடிகளுக்கு இடையில் விழும்; அது யமேக்காவின் நடை. முடிவில் டொன் ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசிப் பிறகு சேர்ந்து இறங்கும் பகுதிக்கு வந்தால் ரெகேயின் சுவடே இல்லை. தாளம் ஒரு கரையில், நரம்பு இன்னொரு கரையில். பாட்டின் இனம் எது என்று கேட்பதைவிட, பாட்டின் எந்த அடுக்கு எந்த இனம் என்று கேட்டால் வழக்கு சுவைக்கத் தொடங்கும்.

சுராங்கனியின் அடி அடுக்கு தாளம். ஆறு சிறு அடிகள், மூன்று மூன்றாகப் பிரிந்து நடக்கும். கர்நாடக இசை பழகிய காதுக்கு இது திஸ்ரம். கும்மியும் இதே கணக்குத்தான். ஆனால் கும்மியில் கைதட்டு ஒவ்வொரு மும்மையின் தலையிலும் நேராக விழுந்து அமரும். பைலாவில் ஆறு என்ற எண்ணின் இரட்டைக் குணம் வேலை செய்கிறது: ஆறை இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம், மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். ஒரு வாத்தியம் ஒரு பிரிவைப் பிடித்திருக்க இன்னொன்று மற்றப் பிரிவைக் காட்டிவிட்டு ஓடும். கால் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்க, அந்த இடைவெளிக்குள் இடுப்பு புகுந்துவிடுகிறது. இரண்டாமவர் ஆடுகிற பிள்ளைகளின் காலைப் பார் என்றார். நானென்றால் இடுப்பைப் பார் என்றிருப்பேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இங்கேதான் இந்தப் பாட்டின் நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் கவனிப்பதில்லை, வழக்காடுகிறவர்களும் கவனிப்பதில்லை. சுராங்கனி என்ற பெயரை அலகிட்டுப் பாருங்கள். சுராங்: குறிலும் நெடிலும் ஒற்றும், நிரை. கனி: இரு குறில், இன்னொரு நிரை. கருவிளம். முதல் அசையில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஆக மூன்று. இரண்டாவது அசையில் ‘னி’யைப் பாடகர் இழுத்து நெடிலாக்கிவிடுகிறார், மறுபடி மூன்று. பெயரை ஒருமுறை சொன்னாலே ஆறு அடி நிறைந்துவிடுகிறது. இரண்டு தரம் கூப்பிட்டால் பன்னிரண்டு. மேளக்காரர் கை வைப்பதற்கு முன்னமே அவள் பெயர் தாளத்தைத் தொடங்கிவிடுகிறது.

அடுத்து மாலு. சிங்களத்தில் மீன். மா இரண்டு, லு ஒன்று, அதுவும் மூன்றுதான். ஆனால் வரிசை தலைகீழ். பெயரில் குறில் முந்தி நெடில் பிந்தியது. மீனில் நெடில் முந்துகிறது. பல்லவியில் அவளைக் கூப்பிடும்போது குரல் பின்பாரமாக ஏறும். மீனைச் சொல்லும்போது முன்பாரமாக இறங்கும். மீன் என்ற சொல்லையே அடுக்கிச் சொல்லும் இடத்தில் நெடில், குறில், நெடில், குறில் என்று விழுந்துகொண்டே போவது படகிலிருந்து கூடையை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிற மாதிரி இருக்கும். ஏறுகிறது, இறங்குகிறது, அந்த அசைவு முழுதும் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. கட்டியவர் மாத்திரைக் கணக்குப் பார்த்துக் கட்டினாரா, வாயில் வந்ததைக் கட்டினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நல்ல வாய்க்குக் கணக்கு தானாக வரும்.

விவரங்களைப் பற்றிய சண்டை இனத்தைப் பற்றிய சண்டையைவிடச் சுவையானது. அவளுக்கு மீன் கொண்டு வந்தது யார்? காதலன் என்று ஒரு பக்கம். மீன் விற்கிறவன் படலையில் நின்று கூப்பிடுகிறான் என்று மறுபக்கம். பாட்டு இரண்டுக்கும் இடம் விடுகிறது. மீனைப் பற்றி அது தரும் தகவலும் ஒன்றே ஒன்று: இப்போதுதான் கொண்டுவந்தது. வேறு அடைமொழி கிடையாது, மீனின் பெயரும் கிடையாது. தீவு ஆட்களுக்கு இது பெரிய குறை. ஒட்டியா, ஓராவா, விளைமீனா, திரளியா? சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைக்கிற மீனா, பொரிக்கிற மீனா? ஊர்காவற்றுறைச் சந்தையில் ‘மீன்’ என்று மட்டும் சொல்லி ஒருவர் எதையும் வாங்கிவிட முடியாது. ஆனாலும் நான் பாட்டின் பக்கம் நிற்பேன். மீனுக்குப் பெயர் வைத்திருந்தால் அது சமையல் பாட்டாகியிருக்கும். பச்சை மீன் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டதால், மீனைவிட அதைக் கொண்டுவந்தவனின் அவசரம் முன்னுக்கு வருகிறது. புது மீனுக்குப் பொழுதில்லை. வெயில் ஏறினால் அவன் சொன்ன ஒரே தகவலும் பொய்யாகிவிடும். தாளத்தின் ஓட்டத்துக்குக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது போதும்.

பைலா என்றவுடன் எங்கள் பக்கத்துச் சரித்திரப் பிரியர் ஒருவர் கட்டாயம் எழும்புவார். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 வரை ஆண்டார்கள். கைட்ஸ் என்ற பெயரே யானை ஏற்றிய துறை என்று அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. நெடுந்தீவில் பவளக் கல்லால் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆகவே பைலா முதலில் இறங்கியது எங்கள் துறையில்தான் என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யானை போன வழியில் பாட்டு வரவில்லை. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் வந்த கஃப்ரிஞ்ஞா ஆட்டம் புத்தளத்துக் காப்பிரி மக்களிடமும் மட்டக்களப்புப் பறங்கியரிடமும் தங்கியது. 1940களில் கொழும்பில் போக்குவரத்துப் பொலிஸ்காரராக இருந்த வாலி பஸ்தியன் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களை வைத்தார். அங்கிருந்துதான் இன்றைய பைலா. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதில் ஒரு கிளைக்கு வாத பைலா என்று பெயர். இரண்டு பாடகர்கள் ஒரு தலைப்பில் எதிரும் புதிருமாக நின்று, அந்த இடத்திலேயே கவி கட்டி மோதுவார்கள். சுராங்கனியை வைத்து வழக்காடுகிறவர்கள் தெரியாமலே அந்தச் சம்பிரதாயத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தீவுக்குப் பைலா வந்த வழி கடை வழி என்பது என் எண்ணம். புங்குடுதீவு, நயினாதீவு, வேலணை ஆட்கள் தெற்கு எங்கும் கடை வைத்திருந்தார்கள். சிங்களத்தில் விலை பேசி, தமிழில் கணக்கு எழுதி, கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்தார்கள். பாதி சிங்களம் பாதி தமிழாக ஒரு பாட்டு வந்தபோது அவர்களுக்கு உரை தேவைப்படவில்லை. இரண்டு மொழியும் தைத்த இடம் தெரியாமல் போவது இதன் அழகுகளில் ஒன்று. சிங்களப் பெயரோடு தமிழ் நாக்குக்கு வசதியான உருபு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. தாளம் ஓடுகிற ஓட்டத்தில் யாரும் அதைத் தட்டிக் கேட்பதில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகுகளில் நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்களும் நாக விகாரைக்குப் போகிறவர்களும் தோளோடு தோள் இருக்கிறார்கள். தெற்கிலிருந்து சுற்றுலா வரும் இளைஞர்கள் ரபானோடு பைலா தொடங்கினால் மற்றப் பாட்டுகளுக்குச் சும்மா இருக்கிற எங்கள் ஆட்கள் இதற்கு மட்டும் வாயசைப்பார்கள்.

பொப் என்ற முதலாமவரின் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு முன்னோடி நித்தி கனகரத்தினம். 1960களில் ‘சின்ன மாமி’ பாட்டைக் கட்டிக் கிட்டாரோடு பாடியவர். அதன் தாளமும் பைலாவுக்கு உறவுதான், ஆனால் உள்ளே யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு இருக்கிறது: ஒரு கதை, ஒரு கேள்வி, ஒரு பதில், நக்கல். சொல்லை எடுத்துவிட்டால் ‘சின்ன மாமி’ பாதி. சுராங்கனியில் சொல்லை எடுத்துவிட்டாலும், வெறும் ‘லா லா’ போட்டாலும், பாட்டு நின்றுவிடாது. சொல்லில் நிற்பது பொப், அடியில் நிற்பது பைலா என்று நான் பிரிப்பதற்கு இதுவே காரணம். பாடிய ஏ. ஈ. மனோகரன் மேடையில் பொப் பாடகர்தான். இலங்கையில் அவரைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றார்கள், தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்றார்கள். ஆள் பொப், பாட்டு பைலா. இதில் முரண் ஒன்றும் இல்லை.

அந்த மனோகரனுக்கும் தீவுக்கும் ஒரு தொடுப்பு உண்டு. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட நாவல். வாடைக்காற்றுக் காலத்தில் பிற ஊர்களிலிருந்து வந்து வாடி போட்டு மீன் பிடிக்கிறவர்களின் கதை. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கி 1978இல் அது படமாக வந்தபோது மனோகரனும் நடித்தார். மேடையில் மீனைப் பாடியவர் படத்தில் மீன்பிடிக்கிறவர்களுக்கு நடுவில் நின்றார்.

மூன்றாமவரின் அம்பாவுக்கும் இங்கேதான் பதில் கிடைக்கிறது. ஒருவர் எடுக்க மற்றவர்கள் ஏற்பது அம்பாவிலும் உண்டு, சுராங்கனியிலும் உண்டு. ஆனால் அம்பாவில் ஏற்கிற குரலுக்குள் கயிற்றின் பாரம் இருக்கும். அடி விழுகிற இடத்தில் மூச்சு வெடிக்கும், அடுத்த அடிக்கு முன் ஒரு நெடிய ஓய்வு வரும், அந்த ஓய்வில் கால் மணலில் புதையும். சுராங்கனியில் அந்த ஓய்வே கிடையாது. மீன் ஏற்கெனவே கரைக்கு வந்தாயிற்று. யாரும் எதையும் இழுக்கவில்லை.

1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இதை எடுத்தபோது மலேசியா வாசுதேவன் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். வாசுதேவன் மனோகரனைவிடத் தேர்ந்த பாடகர், அதை மறுப்பதற்கில்லை. சுரம் சுத்தமாக நிற்கிறது, பக்க வாத்தியங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மனோகரன் பாடும்போது ‘னி’யை இழுக்கிற இழுவையில் ஒரு கூவல் இருக்கிறது. படலைக்கு வெளியே நின்று உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிற குரல். வாசுதேவன் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பாடுகிறார்.