தேர்வும் பிழையும்: டார்வினைத் தமிழில் வாசித்தல்

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டம். நீட் தேர்வை எதிர்த்துத்தான். பேசி முடித்து டீ குடிக்கப் போனபோது, நெடுங்காலமாக இயக்க வேலைகளில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: "நாம கத்துறோம் தோழர். ஆனா இயற்கையே அப்படித்தானே வச்சிருக்கு? தகுதி உள்ளது பிழைக்கும். டார்வின் சொன்னதுதானே." அவர் எதிரணிக்காரர் அல்ல, நம்ம ஆள். எனக்கும் உடனே பதில் வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் சொற்களைத் தவிர வேறென்ன இருக்கும்? சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

'இயற்கைத் தேர்வு' என்கிறோம். தேர்வு என்றால் பொறுக்கியெடுப்பது, பரீட்சையும்தான். அந்தப் பாடத்தையே பரீட்சைக்காகத்தான் படித்தோம். ஆக, இயற்கையும் ஒரு தேர்வாணையமாக நம் மனசில் உட்கார்ந்துவிட்டது: வினாத்தாள், மதிப்பெண், தேறியவர் பட்டியல். அடுத்தது 'தகுதியுள்ளவை தப்பிப் பிழைக்கும்'. நீட்டின் முழுப்பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு. இரண்டு சொல்லும் அங்கே இருக்கின்றன. தற்செயல்தான். ஆனால் கருத்தியல் இப்படியான தற்செயல்களை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது.

இரண்டாவது தொடர் டார்வினுடையதே அல்ல. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் அது கிடையாது. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கியது. அதை எடுத்துக்கொள்ளும்படி 1866இல் டார்வினுக்குக் கடிதம் எழுதியவர் வாலஸ். அவர் சொன்ன காரணம் முக்கியமானது. 'தேர்வு' என்றால் யாரோ ஒருவர் யோசித்துத் தேர்கிறார் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் சேர்த்துக்கொண்டார். பேயை விரட்டப்போய்ப் பிசாசை வீட்டுக்குள் விட்ட கதை.

சரி, அங்கே உண்மையில் நடப்பது என்ன? கலாபகஸில் டாஃப்னே மேஜர் என்றொரு சின்னத் தீவு. பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்கே நிலக் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. நடுத்தர நிலக் குருவிகளில் ஏறத்தாழ 1,200 இருந்தவை சுமார் 180 ஆயின. சிறு விதைகள் தீர்ந்துபோய், மிஞ்சியது பெரும்பாலும் நெருஞ்சி இனத்துக் காய்கள். நம்மூர் நெருஞ்சிக்குப் பங்காளி. முள்ளும் கடினமும் கூடுதல். பருத்த அலகுக் குருவிகள் அதை உடைத்துத் தின்றன, மற்றவை செத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுப் பருமன் முன்பிருந்ததைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அதிகம். எந்தக் குருவியும் முயன்று அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருந்த வேறுபாடு. பெற்றதிலிருந்து பிள்ளைக்குப் போகிற வேறுபாடு. அடுத்த தலைமுறை பருத்த அலகோடு பிறந்தது.

இங்கேயே பாடத்தை முடித்தால் நண்பர் சொன்னது சரி. ஆனால் கதை தொடர்கிறது. 1983இல் எல் நினோ பெருமழை. சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த 1984–85இல் சின்ன அலகுக் குருவிகளே கூடுதலாகத் தப்பின. நேற்றைய தகுதி இன்றைய சுமை. 2004–05இல் மறுபடி வறட்சி. அதற்குள் பெரிய நிலக் குருவி என்ற இன்னோர் இனம் குடியேறிப் பெருகியிருந்தது. நெருஞ்சியை அது காலிசெய்தது. இந்த முறை பருத்த அலகுக் குருவிகள்தான் அதிகம் செத்தன. அதே தீவு, அதே வறட்சி, தீர்ப்பு மட்டும் தலைகீழ். எந்த அலகு தகுதியானது, சொல்லுங்கள்?

ஸ்பென்சரின் சொல்லுக்குத் தமிழில் பொருத்தம் என்று பெயர், தகுதி என்றல்ல. சட்டை உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி. 'தக்கன பிழைக்கும்' என்று எழுதியவர்கள் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தார்கள். 'தக்க நேரம்' என்றால் உயர்ந்த நேரமா என்ன? 'தக்க'விலிருந்து 'தகுதி'க்கு நழுவிய அந்த ஒரு அடியில் ஒரு சமூகத்தின் படிநிலை முழுக்க உள்ளே வந்துவிட்டது.

இன்னொன்று. 'பிழைத்தல்' என்றால் உயிர்வாழ்தல், தவறுதலும்தான். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் கை தவறியதால் பாடபேதங்கள் பிறந்தன. மரபணு படியெடுக்கப்படும்போதும் அப்படித்தான். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. சில கெடுதல் செய்யும். அபூர்வமாக ஏதோ ஒன்று வாய்த்த சூழலுக்குப் பொருந்திவிடும். பிழையே இல்லாத படிகள் மட்டுமே இருந்திருந்தால் புதிய வேறுபாடு தோன்றியிருக்காது. தேர்வதற்கும் எதுவும் இருந்திருக்காது. சுத்தம், தூய்மை என்று பேசுகிறவர்கள் டார்வினைத் துணைக்கழைப்பது வேடிக்கை.

உடனே நம் பக்கத்து ஆட்கள் குரோப்போட்கினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1902இல் 'பரஸ்பர உதவி' எழுதினார். விலங்குகளிடம் ஒத்துழைப்பும் உண்டு என்று காட்டினார். உண்மை. ஆனாலும் இயற்கையை நம் வக்கீலாக வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஒத்துழைப்பே இல்லாத உலகமாக இருந்திருந்தாலும் சமத்துவம் கேட்க நமக்கு உரிமை உண்டு. எது நடக்கிறது என்பதிலிருந்து எது நடக்க வேண்டும் என்பது வந்துவிடாது.

நண்பரை அடுத்த முறை பார்க்கும்போது இதைத்தான் சொல்லப்போகிறேன். டாஃப்னே தீவில் வறட்சிக்கு யாரும் ஆணை போடவில்லை. குருவி யாரையும் போய்க் கேட்க முடியாது. 2017இல் நம் பிள்ளைகள் மேல் விழுந்தது அப்படியல்ல. வினாத்தாள் தயாரிக்க ஆள் இருக்கிறது, பயிற்சி மையத்துக்குக் கட்டணம் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட கை இருக்கிறது. அதை இயற்கை என்று சொல்லிவிட்டால், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது, தோழர்?